மலை நடைக்குக் கைலி: துணியும் அளவும் கட்டும்

கல்வராயன் மலையில் முதுகுச் சுமையோடு நடப்பவருக்கு, இடுப்பில் சுற்றிக் கட்டும் துணி பெரும்பாலான நாட்களில் கால்சட்டையைவிட வசதியானது. ஆனால் கொடியில் தொங்கும் கைலியை அப்படியே எடுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினால், அந்த வசதி பாதி வழியிலேயே தொல்லையாக மாறிவிடும். துணி எவ்வளவு கனம், எவ்வளவு அகலம், மூட்டியதா மூட்டாததா, இடுப்பில் அதை எது பிடித்து நிறுத்துகிறது, உள்ளே உடுத்தியிருப்பது என்ன என்பவற்றைப் பொறுத்தே நடை சுகமாவதும் சிரமமாவதும். கள்ளக்குறிச்சிச் சந்தையில் கிடைக்கும் சரக்கையும் கல்வராயனின் நிலத்தையும் கண்முன் வைத்து இவற்றைத் தீர்மானிக்கலாம்.

முதலில் நிலம். 2019 நவம்பர் 26-இல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சியின் மேற்கு ஓரத்தில் எழும் இம்மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. சேலம் மாவட்டத்துக்குள்ளும் பரவிக் கிடக்கிறது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என இரு பிரிவு. சின்னக் கல்வராயனின் சராசரி உயரம் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயனுடையது சுமார் 4,000 அடி என்பது வழக்கமான கணக்கு. கச்சிராயபாளையம், கோமுகி அணை என்று அடிவாரத்தில் தொடங்குபவர் முதலில் காண்பது முள்ளும் புதரும் கலந்த வறண்ட காடு. வெயில் அங்கே கடுமை. மேலே கரியாலூர், வெள்ளிமலைப் பக்கம் போனால் மரவள்ளியும் சாமையும் விளையும் மேட்டுநிலங்கள், ஓடைகள், பாறைச் சரிவுகள். உயரம் ஏற ஏற வெப்பம் குறைந்து, 4,000 அடியில் சமவெளியைவிட ஆறேழு டிகிரி தணிந்துவிடும். பகல் நடையில் வியர்வை, ஓடையில் ஈரம், சரிவில் அகலக் காலடி, இரவில் குளிர் என்று ஒரே நாளில் நான்கையும் தாங்கும் உடை வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதோடு நாள் முழுதும் ஈரமும் சேரும்.

இம்மலையின் மலையாளிப் பழங்குடி ஆண்களும் அடிவார உழவர்களும் வேலைக்கு மடித்துக் கட்டிய கைலியோடு போவது அன்றாடக் காட்சி. கடுக்காய் பொறுக்கவும் புளி உலுக்கவும் அதுவே உடை. தொடைக்கும் துணிக்கும் நடுவே காற்று ஓடுவதால் வியர்வை தங்குவதில்லை. முழங்கால் தடையின்றி மடங்குகிறது. ஓடை குறுக்கிட்டால் இன்னும் ஒரு மடிப்பு உயர்த்தினால் போதும். குளித்து உடை மாற்ற மறைவு தேட வேண்டியதில்லை. படுக்கும்போது அதுவே போர்வை, சுமை தூக்கும்போது அதுவே சும்மாடு.

உலகின் மறுகோடியில் இதே தேவைக்குப் பிறந்தது ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் கில்ட். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது தைக்காத நீளக் கம்பளித் துணி. கீழ்ப்பாதியைக் கொசுவி இடைவாரால் இறுக்கி, மேல்பாதியைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். இரவில் அவிழ்த்தால் போர்வை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்பாதி வெட்டப்பட்டு, இடுப்பிலிருந்து முழங்கால்வரை மட்டுமே நிற்கும் சிறு கில்ட் பரவியது. கிளென்கேரிப் பகுதியில் இரும்பு உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர், வேலையாட்களின் வசதிக்காக 1720-களில் அதைச் செய்தார் என்று ஒரு வரலாறு உண்டு. அது அதற்கு முன்பே இருந்தது என்று மறுப்பவர்களும் உண்டு. எப்படியானாலும், முழுத்துணி வேலைக்கு இடைஞ்சலானபோது பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். 1746-ஆம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டு உடையைத் தடைசெய்தது. 1782-இல் அந்தத் தடை விலகியது. தமிழ்நாட்டிலும் வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று 2014-இல் சட்டம் இயற்ற வேண்டிவந்தது. சுற்றிக் கட்டும் உடைக்கு மரியாதை கிடைக்க இரண்டு நாடுகளிலும் சட்டம் வரை போக வேண்டியிருந்திருக்கிறது.

மரபான கில்ட்டுக்கு எட்டு கஜம் கம்பளித் துணி செல்லும். ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாத எடை. குளிர்ந்த தூறலுக்கு அது தகும், ஏனென்றால் கம்பளி ஈரத்தை உள்வாங்கியும் உடலைக் குளிரவிடாது. கள்ளக்குறிச்சி வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு மலையேறுவது உடலை வாட்டும் வேலை. மேல்நாடுகளில் இப்போது மலையேறுபவர்களுக்கென்றே மெல்லிய செயற்கை இழையிலும் பருத்திக் கலப்பிலும் பை வைத்த கில்ட்டுகள் தைக்கிறார்கள். அவற்றின் அமைப்பில் கற்றுக்கொள்ள வேண்டியவை உள்ளன. ஆனால் துணியை வெளியூரில் தேட வேண்டியதில்லை.

கடையில் கிடைக்கும் கைலி பொதுவாக 2 மீட்டர் நீளம், 48 முதல் 50 அங்குல அகலம் இருக்கும். சராசரி உயரமுள்ள ஒருவருக்குத் தொப்புள் மட்டத்திலிருந்து முழங்கால் நடுவரை அளந்தால் 24 அங்குலத்தை ஒட்டி வரும். கில்ட்டின் இறக்கமும் அதுவே. கைலியை இரண்டாக மடித்துக் கட்டினால் கிடைப்பதும் அதே 24, 25 அங்குலம். மலை நடைக்கு இந்த இறக்கமே சரி. முழங்காலுக்குக் கீழே இறங்கினால் மேட்டில் கால் தூக்கும்போது துணி முட்டியில் தட்டும், இறங்கும்போது மிதிபடும். முழங்காலுக்கு வெகுமேலே போனால் முள் கிழிக்கும், பாறையில் உட்கார்ந்தால் தொடை சுடும். கணுக்கால்வரை தொங்கவிட்ட கைலியோடு மலையில் நடக்கவே கூடாது. சரிவில் விழுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை.

அடுத்தது துணியின் கனம். பருத்தி நூலுக்குக் கவுண்ட் எண் சொல்வார்கள். ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே அந்த எண். ஆகவே எண் கூடக் கூட நூல் மெலிது. 80, 100 கவுண்டில் நெய்த வழவழப்பான கைலி வீட்டில் உடுத்த அருமையானது. மலையில் முள் பட்டவுடன் கிழியும், காற்றில் எழும், வியர்த்தால் தொடையில் ஒட்டும். 40 கவுண்டில் நெருக்கமாக நெய்தது நடைக்குப் பொருத்தம். அத்தகைய கைலி ஏறத்தாழ கால் கிலோ எடை இருக்கும், காற்றில் தன் கனத்தாலேயே தாழ்ந்து நிற்கும். குறிஞ்சிப்பாடியும் குடியாத்தமும் கைலிக்குப் பேர்பெற்ற நெசவு ஊர்கள். கைத்தறிக் கைலியை, 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் விற்பனை நிலையங்களிலும் கேட்டு வாங்கலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நெசவின் நெருக்கம் தெரிந்துவிடும். ஊசிமுனை ஓட்டைகளாக வெளிச்சம் ஒழுகினால் அந்தத் துணி வேண்டாம்.

சுத்தப் பருத்தியா கலப்பா என்பதில் பருவத்தைப் பார்க்க வேண்டும். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை ஏற்று வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்காது. தை முதல் வைகாசிவரை பருத்தியே நல்லது. அந்த ஈரம் மெல்ல ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரட்டை மடிப்பாகக் கட்டிய பருத்திக் கைலி நனைந்தால் அன்று முழுதும் காயாது. அப்போது பாலியெஸ்டர் கலந்தது உதவும். கடைக்காரர் சொல்வதை நம்புவதற்குப் பதில் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் விரலால் நசுக்க முடியாத கருமணியாகக் கெட்டிப்படும்.

அந்த மணியே ஓர் எச்சரிக்கை. செயற்கை இழை தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி ஒட்டாது, ஆனால் விரைவாகப் பற்றும். எதைக் கட்டியிருந்தாலும் அடுப்பின் அருகே குந்தும்போது முன்தொங்கலைத் தொடைக்கு இடையே இறுக்கி வைக்க வேண்டும். மாசி முதல் சித்திரைவரை மலைப்புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-இல் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. கல்வராயனிலும் காப்புக்காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும், உள்ளே தீ மூட்டக் கூடாது.

நிறத்தில் வெள்ளை வேட்டி முதலிலேயே விலக்கு. செம்மண் கறை அதிலிருந்து போகாது. அடர்ந்த நீலமும் கறுப்பும் கறையை மறைக்கும், ஆனால் ஊர்ந்து ஏறும் உண்ணியையும் சேர்த்தே மறைக்கும். இளநிறக் கட்டம் போட்ட கைலியில் இரண்டு தொல்லையும் குறைவு.

மூட்டியதா மூட்டாததா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. மூட்டிய கைலி காற்றில் பிரியாது, கட்ட எளிது, இரவில் காலையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு படுக்கலாம். மூட்டாதது முன்பக்கம் பிரியும் இயல்புடையது. ஆனால் செங்குத்தான பாறையிலோ இழுவையுள்ள ஓடையிலோ முன் முனையைக் கால்களுக்கிடையே கொண்டுபோய்ப் பின்னிடுப்பில் செருகித் தார்ப்பாய்ச்சிக் கட்டிவிடலாம். நீரில் தொங்கும் துணி வெள்ளத்தின் இழுப்பைப் பலமடங்காக்கும் என்பதால் ஓடையைக் கடக்க இந்தக் கட்டு மிக முக்கியம். மூட்டியதையும் அப்படிச் செருக முடியும், ஆனால் துணி மொத்தையாகத் திரண்டு நடையைக் கெடுக்கும். பகல் நடைக்கு மூட்டாததும், இரவுக்கு மூட்டியதும் என இரண்டு கொண்டுபோவதே முறை. இரண்டும் சேர்ந்து அரைக் கிலோதான்.

முதுகுச் சுமை ஏறியதும் இடுப்புதான் சிக்கலான இடம். சுமையின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின் மேல் உட்கார வைப்பதற்கே நல்ல முதுகுப்பைகளில் அகலமான இடுப்புப் பட்டை வைக்கிறார்கள். கைலியை முறுக்கிச் செருகிய கட்டு அதே எலும்பின் மேல் வந்தால், சிறிது தூரத்திலேயே தோல் சிவந்து, பிறகு உரிந்துவிடும். கில்ட்டுக்கும் இந்தக் குறை உண்டு. அதன் கொசுவம் முழுதும் பின்புறம் இருப்பதால் முதுகுப்பையின் அடியில் நசுங்கித் தோலில் வரிவரியாகப் பதியும். கைலியின் தளர்வு முன்னால் சேர்கிறது. மேடு ஏறும்போது முட்டிகளுக்கு இடையே அது விரிந்து கொடுக்கிறது. சுமைகாரருக்குக் கில்ட்டைவிடக் கைலி பொருந்துவது இதனால்தான்.

கட்டும் முறையைச் சற்று மாற்ற வேண்டும். மிகுதித் துணியை வலப்பக்கம் இழுத்து, வயிற்றின் குறுக்கே இடப்பக்கம் தட்டையாக மடக்க வேண்டும். முறுக்கக் கூடாது. மேல் விளிம்பை வெளிப்புறமாக இரண்டு சுருள் சுருட்டிப் படிய வைத்து, அதன் மேல் வார் போட வேண்டும். உழவர்களும் வியாபாரிகளும் கட்டும் அகலமான பச்சை பெல்ட் இதற்கென்றே அமைந்தது போன்றது. துணியை நழுவவிடாமல் பிடிக்கும், பணமும் கைப்பேசியும் வைக்கப் பையும் உண்டு. பிறகு கீழ் விளிம்பைத் தூக்கி மடித்து, முனைகளைத் தொப்புளுக்கு இரு பக்கமும் நான்கு விரல் தள்ளிச் செருக வேண்டும். முதுகுப்பையின் தடித்த பஞ்சுப் பட்டை முடிந்து, மெல்லிய நாடா மட்டுமே ஓடும் இடம் அது. விலாப் பக்கம் செருகினால் பட்டை அழுத்தும், மடிப்பும் அவிழும்.

உள்ளாடை கட்டாயம். நீண்ட நடையில் தொடை உரசிப் புண்ணாவது வியர்வையாலும் உப்பாலும். சுற்றுத்துணியால் மட்டும் அதைத் தடுக்க முடியாது. நாடா வைத்துத் தைத்த பட்டாபட்டி அதற்குக் கைகண்ட மருந்து. தொடையின் பாதிக்கும் கீழே இறங்குவதால் தோலோடு தோல் உரசாது. அதன் பையில் பணத்தைப் பத்திரமாக வைக்கலாம். வாரே அவிழ்ந்தாலும் மானம் போகாது. கனத்த உடல்வாகு உள்ளவர்களுக்கு உடலோடு ஒட்டும் பின்னலாடை இன்னும் நல்லது.

அடிக்கடி மலைக்குப் போகிறவர், கைலியைத் தையல்காரரிடம் கொடுத்து நடைக்கென்றே ஒன்று தைத்துக்கொள்ளலாம். முதலில் துணியை நீரில் ஊறவைத்துக் கஞ்சி போக அலசி உலர்த்த வேண்டும். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். அதற்கு முன் தைத்தால் அளவு தவறிவிடும். 50 அங்குல அகலத்தில் 27 அங்குலத்தை வெட்டிக்கொண்டு, கீழே ஒன்றரை அங்குலம் மடித்து அடித்தால் விளிம்புக்குக் கனம் கிடைக்கும், மேலே அரை அங்குலம் போக 25 நிற்கும். நீளம் 78 அங்குலம். இடுப்புக்குக் கீழே சுற்றளவு 40 உள்ளவருக்கு, முன்னால் ஒன்றன்மேல் ஒன்று படிய 12 அங்குலம் போனால் 26 மிஞ்சும். அதைப் பக்கத்துக்கு 13-ஆகப் பிரித்து இரண்டு விலாவிலும் மடிப்பு வைக்க வேண்டும். முன்னும் பின்னும் தட்டையாகவே இருக்கட்டும். கீழ் விளிம்பின் சுற்று 66 அங்குலம் வரும், எந்தப் பாறைப் படிக்கும் கால் தாராளமாக எட்டும். மேல்மடிப்பை மூட டிச் பட்டன் போதும். ஒட்டுப் பட்டை வைத்தால் ஊசிப்புல்லின் விதை முழுதும் அதில்தான் ஏறும். பச்சை பெல்ட் நுழையும் அகலத்துக்கு ஐந்து காதுகள், தொடையின் பக்கவாட்டில் மூடியுள்ள ஒரு பை, பாலியெஸ்டர் நூலில் இரட்டைத் தையல். வெட்டி மிஞ்சும் 23 அங்குலத் துணி வீணல்ல. ஓரம் அடித்தால் தலைக்கும் கழுத்துக்கும் ஆகும் துண்டு.

பெண்களுக்கும் இதே அளவுமுறை பொருந்தும். மலையில் விறகு சுமக்கும் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பதும் முழங்காலை விடுவிக்கத்தான். மேலே சொன்னபடி தைத்ததை, காலோடு ஒட்டிய லெக்கின்ஸின் மேல் அணிந்தால் முள்ளுக்கும் உண்ணிக்கும் காப்பும் சேர்ந்து கிடைக்கும். உடல் அமைப்பு வேறுபடுவதால் இடுப்பு அளவையும் விலா மடிப்பையும் ஆளுக்கேற்ப எடுக்க வேண்டும்.

சுற்றுடையின் உண்மையான பலவீனம் முழங்காலுக்குக் கீழே. அடிவாரப் புதரில் சூரை முள்ளும் உண்ணிச்செடியும் காலைக் கீறும். புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் இளம்பருவம் கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரலாம். தமிழகத்தில் குளிர்மாதங்களில் அதிகம் காணப்படும் நோய் அது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகும். முழங்கால்வரை ஏறும் தடித்த காலுறையும், பழைய ஜீன்ஸின் கால்பகுதியை வெட்டிக் கீழே நாடா கோத்த உறையும் சேர்ந்தால் பெரும்பாலும் காப்பாகும். புல்லில் நேராக உட்காராமல் துண்டை விரித்து உட்கார வேண்டும். திரும்பியதும் குளித்துத் துணிகளை வெந்நீரில் அலச வேண்டும். சில நாட்களில் காய்ச்சலோ, கடித்த இடத்தில் கருகிய பொருக்கோ கண்டால் மலைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

சில இடங்களில் கைலியை விட்டுவிடுவதே அறிவு. பாதை இல்லாத அடர்புதர், கரும்புத் தோட்டத்தின் குறுக்குவழி, பனி இறங்கும் மார்கழி இரவு ஆகியவற்றுக்கு முழுக்கால்சட்டைதான். இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து கச்சிராயபாளையத்திலிருந்து மலைச்சாலை ஏறும்போதும் அப்படியே. புகைக்குழாய் காலைச் சுடும், தொங்கும் முனை சக்கரத்தில் சிக்கும். மெல்லிய டிராக் பேண்ட் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, நடை தொடங்கும் இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். பெரியார் அருவி போலச் சாலையை ஒட்டிய இடங்களுக்கு எந்த உடையும் போதும். மேகம் அருவிக்கு வண்டியை விட்டு இறங்கி நடப்பவருக்கு மேலே சொன்னவை அனைத்தும் தேவைப்படும்.

புதுக் கைலியோடு நேராக மலைக்குப் போகக் கூடாது. கஞ்சியும் விறைப்பும் போகச் சில முறை துவைத்து, வீட்டிலும் வயல்வரப்பிலும் சுமையோடு கட்டி நடந்து பார்த்தால் எங்கே உரசுகிறது, எங்கே நழுவுகிறது என்பது தெரியும். சாயம் போகும் கைலியை முதல் சில துவைப்புகளில் தனியாக அலச வேண்டும். வியர்வை உப்பு ஏறிய துணியை அப்படியே மடித்து வைத்தால் பூசணம் பிடித்து இடுப்பு மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும். திரும்பி வந்த அன்றே அலசி நிழலில் உலர்த்தி, விளிம்புத் தையலையும் வார்க் காதுகளையும் இழுத்துப் பார்த்து, நெகிழ்ந்த இடத்தில் உடனே ஊசி போட்டு வைப்பது நல்லது.